ஓடுகிறவள் பெயர்

அத்தியாயம் 9

கொடைக்கானலில் கரண்ட் போவதற்குக் காரணம் வேண்டியதில்லை. ஒரு மரம் சாய்ந்தால் போதும், ஒரு குரங்கு கம்பியில் ஊஞ்சலாடினால் போதும். ஆனால் இன்றைக்குக் காரணத்தை அச்சடித்து மின்கம்பத்திலேயே ஒட்டியிருந்தார்கள். பராமரிப்புப் பணி. திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை.

மணி ஒன்று இருபது.

"நாப்பது நிமிஷம்தான் மேடம்," என்றான் உதவியாளன் குழந்தைவேல். "அதுக்கப்புறம் நம்ம சாட்சிக்கு நினைவு தப்பிடும்."

சாட்சி சுவரோரம் நின்றது. ஆளுயர மரப்பெட்டி. நெஞ்சு உயரத்தில் ஒரு திரை, இடுப்பு உயரத்தில் இரண்டு குச்சிகள். ‘வண்டு வேட்டை’ என்ற நாற்பது வருடத்துப் பழைய வீடியோ கேம். ஏரிக்கரைச் சாலையில் கந்தவேலின் விளையாட்டுக் கூடத்தில் மற்ற மெஷின்கள் எல்லாம் மாறிவிட்டன. இதை மட்டும் யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்கவில்லை.

கந்தவேலையும் இனி யாரும் வாங்கப் போவதில்லை. நேற்று மாலை, கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய அறையில், இரும்பு டோக்கன் பெட்டியால் அடிபட்டு மண்டை உடைந்து கிடந்தார். கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் துர்காவைப் போலீஸ் உடனே பிடித்தது. செத்தவரின் மோதிரம் அவளுடைய சாப்பாட்டுத் தூக்குச்சட்டிக்குள் இருந்தது. இன்று நாலு மணிக்குள் அவளை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். ஆடலூருக்குக் கீழே காட்டோரக் குடிசையில் பிறந்தவள். ஜாமீன் கையெழுத்துப் போட வீடோ நிலமோ உள்ள ஒரு மனிதரை அவளுக்குத் தெரியாது. உள்ளே போனால், வழக்கு முடிகிற வரைக்கும் உள்ளேதான்.

தனியார் துப்பறிவாளர் தேவசேனாவை வரவழைத்தது துர்காவைக் காப்பாற்ற அல்ல. கந்தவேலின் அக்கா சுந்தராம்பாள் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். "அந்தக் காட்டுச் சிறுக்கிதான்னு அசைக்க முடியாம எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா," என்று காலையில் போனில் சொன்னார். சீல் வைத்த கூடத்துக்குள் போக ஒரு மணி நேர அனுமதியும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

தேவசேனாவின் அப்பா திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் முப்பது வருடம் அரம் தேய்த்தவர். மகள் அந்த வம்சத்தில் முதல் பட்டத்தை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பூட்டி வைத்ததைத் திறக்கிற தொழிலுக்கு வந்துவிட்டாள். அசைக்க முடியாதது என்று யாராவது சொன்னால், அவளுக்கு அதை ஒரு உதை விட்டுப் பார்க்கத் தோன்றும்.

திரையில் பத்து வரிசைகள். ஒன்பதில் வெறும் கோடு. முதல் வரிசையில் மட்டும் ஒரு பெரிய எண், பக்கத்தில் மூன்று இங்கிலீஷ் எழுத்து. டி, யூ, ஆர்.

"போலீஸ்கிட்ட துர்கா சொன்னது ஒரே வார்த்தை," என்றான் குழந்தைவேல். "‘நான் ஆடிக்கிட்டிருந்தேன்.’ மத்தியானத்துல கூடம் மூடியிருந்ததால பார்த்த ஆளில்ல, ஆனா மெஷின் ஆமாங்குது. இதுக்குப் பேட்டரி கெடையாது, கரண்ட் போனா எல்லாப் பேரையும் மறந்துடும். நேத்துக் கரண்ட் போய்ட்டு வந்தது மூணு அம்பதுக்கு. இ.பி. ஆபீஸ்லயே கேட்டுட்டேன். அப்புறம் இந்த நிமிஷம் வரைக்கும் போகல. இந்த ஊருக்கு அதுவே பெரிய ரெக்கார்டு."

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்றார்?"

"அவ கையைப் பாருங்கிறார்."

துர்காவின் வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை கொதிக்கிற வெந்நீர் கொட்டிவிட்டது. வண்டு வேட்டையில் பொத்தான் கிடையாது. இடது குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் திரையில் இருக்கும் ஆள் ஓடுவான். வலது குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் சுடுவான். கிழக்கே ஓடிக்கொண்டே மேற்கே சுடத் தெரிந்தவன்தான் பிழைப்பான். ஒரு கை போதாது.

"இடது கையால மட்டும் ரெண்டையும் பிடிச்சுக் காட்டு," என்றாள் தேவசேனா.

குழந்தைவேல் விரல்களை விரித்துப் பார்த்தான். "நடுவுல ஒரு முழம் கெடக்கு மேடம். மிச்சத்தை மூக்காலதான் சுடணும். என் மூக்கு அந்த அளவுக்கு இல்ல."

"வாய் இருக்கே."

"அது ஏற்கெனவே சோலியா இருக்கு."

"நீ வில்பட்டிக்காரன்தானே? சின்ன வயசுல இதை ஆடினதில்லையா?"

"ஆடாமயா? கேரட் மூட்டையை மார்க்கெட்டுல இறக்கிட்டு நேரா இங்கதான். ஆளுக்கொரு டோக்கன் வாங்க வக்கில்ல. அதனால இந்தக் கூடத்துல ஒரு வழக்கம். ஒரு டோக்கனுக்கு ரெண்டு பேரு. வாங்கினவன் வலது குச்சி, சுடுவான். ஓசியில வந்தவன் இடது குச்சி, ஓடுவான்."

தேவசேனா திரும்பினாள். "ஜெயிச்சா யார் பேரு?"

"சுட்டவன் பேருதான். ஓடினவன் பேரை எவன் போடுவான்? செத்தா மட்டும் ஓடினவன் மண்டையில குட்டு விழும்."

"நீ எந்தக் குச்சி?"

"பத்து வருஷம் ஓடினேன். இப்பவும் அதே பொழப்புத்தான், உங்க கூட."

அவள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கரும்பலகைக்குப் போனாள். மெஷின் மறந்துவிடும் என்பதால் பெரிய ஸ்கோர்களைச் சாக்பீஸில் எழுதி வைக்கிற பலகை. முப்பத்தேழு வரிகள். முதல் வரி பத்து வருடத்துக்கு முந்தையது, கடைசி வரி போன வியாழக்கிழமை. முப்பத்தேழிலும் ஒரே பெயர். பி, ஆர், ஐ.

"யார் இது?"

"கந்தவேலோட ஒரே பொண்ணு. சண்முகப்பிரியா. மாடியில இருக்கு. காலையில என்கிட்ட ரெண்டு தடவை வந்து, கூடத்து மெயினை அணைச்சுடலாமான்னு கேட்டுச்சு. கரண்ட் வீணாகுதாம்."

"அப்பன் செத்த மறுநாள் கரண்டைப் பத்திக் கவலைப்படுற பொண்ணு." தேவசேனா மெஷினிடம் வந்தாள். "இது வேற என்ன சொல்லும்?"

"ரெண்டு குச்சியையும் ஒண்ணா வெளிப்பக்கம் இழுத்தா, ரவுண்டு ரவுண்டா எவ்வளவு நேரம் ஆச்சுன்னு காட்டும்."

இழுத்தாள். எண்கள் ஏறின. ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.  பிறகு குனிந்து, டோக்கன் விழும் கதவைத் தொட்டாள். பூட்டு இல்லை. மடித்த அட்டை ஒன்றைச் செருகி நிறுத்தியிருந்தார்கள். ஒரு விரற்கடை திறந்து பார்த்தாள். மூடினாள்.

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. துர்காவோட வரச் சொல்லு. மாடியில இருக்கிற பொண்ணையும், பழனியிலேர்ந்து வந்திருக்கிற அத்தையையும் கூப்பிடு."

"வருவாரா? நான்தான் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டேனே?"

"போட்டோவை ஒரு வக்கீல் அஞ்சு நிமிஷத்துல போலின்னு ஊதிடுவான். போலீஸ்காரர் கண்ணால பார்த்துக் கைப்பட எழுதணும். கொலைகாரியை நிரூபிச்சாச்சுன்னு சொல்லு, வெரசா வருவார்."

"பொய் சொல்லணுமா?"

"நான் எங்கே பொய் சொன்னேன்?"

ஒன்று நாற்பத்தொன்றுக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயமுருகன் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். பின்னால் ஒரு பெண் காவலரின் பிடியில் துர்கா. இருபத்திரண்டு வயது. இரவு முழுக்க நிற்க வைத்திருப்பார்கள் போல, கால் வீங்கியிருந்தது. வந்ததும் அவள் கண் போனது திரைக்கு. பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

மாடியிலிருந்து சுந்தராம்பாளும், அவர் தோளில் சாய்ந்தபடி சண்முகப்பிரியாவும் இறங்கினார்கள். பிரியாவுக்கு அழுது சிவந்த கண், வாரிப் பின்னிய தலை.

"இதுகிட்ட இன்னும் என்ன கேக்கணும்?" என்றார் சுந்தராம்பாள். "பன்னெண்டு வயசுல ஒட்டுத்துணியோட வந்தது. சோறு போட்டோம். சோத்துச் சட்டியிலயே மோதிரத்தை ஒளிச்சிருக்கு பாருங்க."

"உங்ககிட்டத்தான் முதல்ல கேக்கணும்," என்றாள் தேவசேனா. "நேத்துத் தம்பிகிட்டப் போன்ல எத்தனை மணிவரை பேசினீங்க?"

"நாலு பத்து வரைக்கும். போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

"பிரியா, நீ அப்பாவைப் பார்த்து அலறினது?"

"நாலு முப்பத்தஞ்சு. மாடியில தூங்கிட்டிருந்தேன். டீ போடலாமான்னு கேக்க வந்தேன்..." குரல் உடைந்தது. சரியான இடத்தில்தான் உடைந்தது.

"ஆக, கொலை நாலு பத்துக்கும் நாலு முப்பத்தஞ்சுக்கும் நடுவுல. இன்ஸ்பெக்டர் சார், இந்தத் திரையைப் பாருங்க. பார்த்து எழுதுங்க. மூணு அம்பதுக்குக் கரண்ட் வந்தது. அதுக்கப்புறம் இதுல ஒரே ஒரு ஆட்டம். நாப்பத்தி மூணு நிமிஷம். நாலு முப்பத்தஞ்சுக்கு ஜனம் கூடிடுச்சு, நீங்க சீல் வெச்சுட்டீங்க. நாப்பத்தஞ்சு நிமிஷ இடைவெளியில நாப்பத்தி மூணு நிமிஷ ஆட்டம். இடது குச்சியைப் பிடிச்சு ஓடின ஆளு, கொலை நடந்த நேரத்துல இந்த இடத்தை விட்டு நகர முடியாது. கையை எடுத்தா அடுத்த நொடி சாவு."

ஜெயமுருகன் மீசையைத் தடவினார். "என்ன மேடம், நான்தான் சொன்னேனே. வெந்த கையை வெச்சுக்கிட்டு இவ ஆடியிருக்க முடியாது."

"தனியா முடியாது சார்," என்று நடுவில் நுழைந்தான் குழந்தைவேல். ஒரு டோக்கன், இரண்டு பேர் என்ற வழக்கத்தைச் சொன்னான். "வலது கை வெந்தவளுக்கு இடது குச்சி போதும். நீங்க கண்டுபிடிச்சதுதான், நாங்க கொஞ்சம் மிச்சத்தை மட்டும் சேர்த்தோம்."

"அப்ப வலது குச்சி யாரு?"

எல்லாரும் துர்காவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"யாருடி சுட்டது?" என்றாள் தேவசேனா.

"சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"வாக்குக் குடுத்திருக்கேன். என்னைய வெளிய எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"யாரும் எடுக்க மாட்டாங்க. நாலு மணிக்கு நீ மதுரை ஜெயிலுக்குப் போவ. அங்கயும் பெருக்கித் துடைக்கத்தான் விடுவாங்க, கவலைப்படாத."

பெண் காவலர்கூட முகம் சுளித்தார். தேவசேனா நிறுத்தவில்லை. துர்காவின் தாடையைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பினாள்.

"முப்பத்தேழு வரி. முப்பத்தேழு தடவையும் நீதானே ஓடினே? உன் பேரு எங்க?"

"இல்லீங்க."

"நேத்து மட்டும் ஏன் இருக்கு?"

அந்த வீங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. பார்க்கச் சகிக்கவில்லை. "நானாப் போடலீங்க. ‘இன்னைக்கு உன் பேருடி’ன்னு பாப்பாவே ஒவ்வொரு எழுத்தா வெச்சு..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிரியா அத்தையின் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"பாப்பா," என்றாள் தேவசேனா மெதுவாக. "இந்த வீட்டுல எத்தனை பாப்பா இருக்காங்க?"

"இவ பேச்சை நம்பறீங்களா?" பிரியாவின் குரல் இப்போது உடையவில்லை. "நான் இந்த மெஷினைத் தொட்டே வருஷக்கணக்காச்சு."

"எங்க வீட்டுப் பிள்ளை இதுங்களோட தோளுரசி நின்னு ஆடுமா?" என்றார் சுந்தராம்பாள்.

"போன வியாழக்கிழமை ஆடியிருக்கு. பலகையில இருக்கிறது யார் எழுத்துன்னு உங்களுக்கே தெரியும். துர்காவுக்கு எழுதத் தெரியாது." தேவசேனா மெஷினின் இரண்டு குச்சிகளையும் இழுத்தாள். "சார், பத்து நிமிஷத்துல கரண்ட் போயிடும். பதினெட்டு ரவுண்டு வரைக்கும் பாருங்க. ஒவ்வொண்ணும் ஒன்றரை நிமிஷத்துக்குள்ள. பத்தொன்பதாவது?"

ஜெயமுருகன் கண்ணைச் சுருக்கினார். "பதினொண்ணு."

"பதினோரு நிமிஷம். வண்டு அத்தனையையும் சுட்டுத் தீர்த்தாத்தான் ரவுண்டு முடியும். சுடுற கை பதினோரு நிமிஷம் இங்க இல்ல. ஓடுற கை மட்டும் சாகாம ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கணக்குப் போட்டா நாலேகாலுக்கு ஆரம்பிச்சு நாலு இருபத்தாறு வரைக்கும். துர்கா, என்ன சொல்லிட்டுப் போனா?"

துர்கா பிரியாவைப் பார்த்தாள். பிரியா ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடிய ஏரியைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை திரும்பாததுதான் துர்காவின் வாயைத் திறந்தது.

"பாத்ரூம் போயிட்டு வரேன், சாக விடாதேன்னுச்சுங்க. சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்னுச்சு. வண்டு நாலாப் பக்கமும் வருது. சுட ஆளில்ல. சுத்திச் சுத்தி ஓடினேன். திரும்பி வந்துச்சு. கை நடுங்குச்சு. காய்ச்சலான்னு கேட்டேன்."

"திரும்பி வந்த கை மூணு ரவுண்டுதான் தாங்கிச்சு," என்றாள் தேவசேனா. "தன் பேரு இங்க இருக்கக் கூடாது, அதனால உன் பேரு. வெந்த கையை வெச்சுக்கிட்டு ஆடினேன்னு நீ சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதுவும் இவளுக்குத் தெரியும். நீ பரிசுன்னு நெனச்சே. அந்தக் கை எப்படி வெந்துச்சு?"

"பாப்பா குளிக்க வெந்நி தூக்குனப்ப."



"கதை நல்லாருக்கு," என்றாள் பிரியா. "பெத்த அப்பாவை நான் ஏன் கொல்லணும்?"

"குழந்தை, அந்தக் கதவைத் திற. சார், நீங்க பாருங்க."

அட்டையை உருவியதும் டோக்கன் கதவு தானாக விழுந்தது. உள்ளே, டோக்கன் குவியலுக்கு மேல், பிளாஸ்டிக் கவரில் ஒரு பாஸ்போர்ட், கல்லூரிச் சான்றிதழ்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கடிதம். கவரின் ஓரத்தில் காய்ந்த பழுப்புக் கறை. பக்கத்தில் ஒரு பீரோச் சாவி.

சுந்தராம்பாள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதை நான்தானே பூட்டி வைக்கச் சொன்னேன்... பொட்டப் பிள்ளை கடல் தாண்டிப் போனா எவன் கட்டுவான்னு... நேத்துப் போன்லகூட, சாவியை இடுப்பை விட்டு எடுக்காதடான்னு..."

"எடுக்கல," என்றாள் தேவசேனா. "அதனாலதான் செத்தார். போனை வெச்சுட்டு அவர் கண்ணசந்ததும் இடுப்புச் சாவியை உருவிடலாம்னு போயிருக்கா. காகிதத்தை எடுத்தாச்சு, முழிச்சுட்டார். ஆட்டம் முடிஞ்சு துர்கா நகர்ந்ததும் இதுக்குள்ள ஒளிச்சிருக்கா, கூடத்துக்குச் சீல் வைப்பாங்கன்னு நெனைக்கல. காலையிலேர்ந்து மெயினை அணைக்கத் துடிச்சது கரண்டுக்காக இல்ல, மெயின் இருக்கிற இந்தக் கூடத்துக்குள்ள நுழைஞ்சு இதை எடுக்கத்தான்."

ஜெயமுருகன் எழுதிக்கொண்டிருந்தார். வேகமாக எழுதினார்.

தேவசேனா பிரியாவின் பக்கத்தில் போய் நின்றாள். "சர்டிபிகேட்டைப் பூட்டி வெச்ச வீட்டு மேல வர்ற ஆத்திரம் எனக்குத் தெரியும். என் டிகிரியை வெச்சு என்ன கிழிக்கப் போறேன்னு எங்க தெருவே கேட்டுச்சு. அப்பனை அடிச்சது ஒரு நிமிஷ வெறின்னு கோர்ட்டுல சொல்லிக்க, யாராவது நம்புவாங்க. ஆனா செத்த விரல்லேர்ந்து மோதிரத்தைக் கழட்டினியே. தூக்குச்சட்டியைத் திறந்து, சோத்துக்குள்ள அமுக்கி, மூடினியே. அப்புறம் வந்து இவ பக்கத்துலயே நின்னு ஏழு நிமிஷம் ஆடினியே. அதுக்கு வெறின்னு பேரு இல்ல."

"அவளுக்கு என்ன போச்சு?" என்றாள் பிரியா. அழுத கண் இப்போது காய்ந்திருந்தது. "எனக்கு லைஃப் இருக்கு. அட்மிஷன் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு? இந்தத் தொடைப்பத்தை விட்டா அவளுக்கு வேற எங்க போக இருக்கு?"

 பெண் காவலர் துர்காவின் கையை விட்டுவிட்டு, இரண்டு எட்டு நடந்து, பிரியாவின் கையைப் பிடித்தார்.

பிரியா உதறிக்கொண்டு துர்காவைப் பார்த்துக் கத்தினாள். "நன்றி கெட்ட நாயே! ஒரு வாய் மூடிக்கிட்டு இருந்திருந்தா வக்கீல் வெச்சிருப்பேன்டி! இந்தக் குச்சியைத் தொடக் கத்துக் குடுத்ததே நான்தான். நான் சுடலேன்னா நீ எல்லாம் ஒரு நிமிஷம் தாங்குவியா?"

சரியாக இரண்டு மணி. விளக்குகள் அணைந்தன. மெஷின் ஒரு முறை முனகியது. திரையில் பச்சை எழுத்துகள் மூன்றும் ஒரு புள்ளியாகச் சுருங்கி, காணாமல் போயின. ஜன்னல் வழியாக மஞ்சின் சாம்பல் வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது.

துர்கா இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"பதினோரு நிமிசம் தாங்கினேன், பிரியா."